கோட் என்ற தவறணை

தென்கிழக்கு லண்டனில் இருக்கிற, இருந்த, இடித்துத் தரைமட்டமாக்கிய அத்தனை பப்புகளையும் தேடிப் போய், ஒன்றிலும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் தவறணையார் என்று அழைத்தோம்.

யாழ்ப்பாணத்தில் கள்ளு விற்கும் கடைக்குத் தவறணை என்று பெயர். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டும் சாப்பிடாமல் வைக்கிற ஒரு சைவப்பழத்துக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் அநியாயம்தான். ஆனால் குற்றம் எங்களுடையது அல்ல. பப் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவே மாட்டார்.

"தமிழிலை பேர் இருக்கேக்கை ஏன் தம்பி வெள்ளைக்காரன்ரை சொல்லு? தவறணைக்குத் தவறணை எண்டுதான் பேர்" என்பார்.

இதைக் கோயில் அன்னதான வரிசையிலும் உரத்த குரலில் சொல்வார். "நேற்றுப் பின்னேரம் மூண்டு தவறணைக்குப் போட்டு வந்தனான்" என்று அவர் சொல்ல, பின்னால் நின்ற பெண்கள் தட்டோடு இரண்டடி தள்ளிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

லூயிஷாமில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் எனக்கும் அவருக்கும் ஒரே ஷிப்ட். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் பியர் காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமாகச் சுற்றுவட்டாரத்தில் ஏராளமான பப்புகளும் இருந்தன. ஆலை மூடிப் பல வருடங்கள். தவறணையார் அதன் சரித்திரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். லிவர்பூலில் இருந்து வந்த ஒரு லொறிக்காரன் டீசலுக்குக் காசை நீட்டிக்கொண்டு நிற்க, இவர் என் பக்கம் திரும்பி வகுப்பு எடுப்பார்.

"அந்தக் காலத்திலை ஒவ்வொரு தவறணையும் ஒரு ஆலைக்குக் கட்டுப்பட்டது, தம்பி. தாலி கட்டின மாதிரி. மற்ற ஆலையின்ரை பியரைக் கடைக்குள்ளை எடுக்கேலாது. எடுத்தால் விவாகரத்துத்தான்."

"அண்ணை, அந்தாள் நிக்கிறார்."

"நிக்கட்டும். இவரும் தெரிஞ்சுகொள்ளட்டும்."

இவருக்கு விசர் என்றுதான் முதல் மாதம் நினைத்தேன். இரண்டாவது மாதம், தேநீர் இடைவேளையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு நீலக் கடிதத்தை எனக்குக் காட்டினார். அவருடைய மூத்த அண்ணர் லண்டனிலிருந்து எழுதியது. அண்ணர் படிக்க வந்தபோது இவருக்கு ஏழு வயது. வந்த இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அண்ணர் இங்கேயே இறந்துபோனார். கூடப் படித்தவர்கள் தகனம் செய்துவிட்டுத் தந்தி அடித்தார்கள். பிறகு ஊரில் வீடு எரிந்தபோது அண்ணரின் படங்கள் எல்லாம் எரிந்தன. தாயாரின் இடுப்புச் சேலையில் முடிந்திருந்ததால் இந்தக் கடிதம் மட்டும் தப்பியது.

அதில் இப்படி இருந்தது: "கோட் என்ற தவறணையில் பின்னேர வேலை. மேலேயே அறை தந்திருக்கிறார்கள். அம்பு எறிகிற டார்ட்ஸ் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஆலைக்காரர் வந்து எல்லாரையும் படம் பிடித்தார்கள். பிரதி தந்தால் அம்மாவுக்கு அனுப்புகிறேன்."

அனுப்பவில்லை. அதற்குள் ஆள் போய்விட்டார்.

"ஒரு படம் தம்பி. எங்கடை வீட்டிலை அவர் ஒருத்தருக்குத்தான் படம் இல்லை. திவசத்துக்கு ஒரு வெறும் கதிரையை வைச்சு மாலை போடுறன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் லொறிக்காரர்களைக் காக்க வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கினேன்.

ஆலை மூடியபோது அதன் கடிதங்களும் படங்களும் கவுன்சில் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தன. ஒவ்வொரு பப்புக்கும் ஒரு பெட்டி. பப்பின் பெயரைச் சொன்னால் பெட்டியை எடுத்துத் தருவார்கள். வில்லங்கம் அங்கேதான். கோட் என்ற பெயரில் பெட்டியே இல்லை. மேலங்கிக்குச் சொல்கிற கோட்டை எழுதிக் கொடுத்தார், இல்லை என்றார்கள். நீதிமன்றத்துக்குச் சொல்கிற கோர்ட்டை எழுதிக் கொடுத்தார், அதுவும் இல்லை. அதனால் ஆலையின் பப்புகள் ஒவ்வொன்றாக நேரிலே போய் விசாரிப்பது என்று முடிவெடுத்தார். பெரிய சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு பப்பின் பெயரையும் தமிழாக்கி எழுதினார். ராசாவின் தலை. வெள்ளைக் குதிரை. மூன்று பீப்பா. தமிழாக்காவிட்டால் அவருக்குப் பொச்சம் தீராது.

அந்தப் பப்புகளில் பாதி இன்றைக்குப் பப்பாக இல்லை. ஒன்று பல்வைத்தியரிடம் போய்விட்டது. இன்னொன்று தமிழ்க்கடை. அந்தக் கடைச் சுவரில் ஆலையின் பழைய ஓடு பதித்திருக்கிறதா என்று பார்க்கத் தவறணையார் கொப்பியும் பூதக்கண்ணாடியுமாகப் போக, முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது.

"அண்ணை கவுன்சிலோ? ஒரே ஒரு எலிதான் அண்ணை. அதையும் போன கிழமை பிடிச்சிட்டம்."

"எனக்கு எலி தேவையில்லை. இந்த அரிசி மூட்டையை அரக்குங்கோ, சுவரைப் பார்க்கவேணும்."

"சுவருக்குள்ளை எலி இல்லை அண்ணை. முருகனாணை!"

கடைசியில் சுவரில் பதித்த ஓட்டையும் பார்த்து, ஒரு பிளேன்ரீயும் குடித்து, ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார். அந்த முதலாளி இன்றுவரைக்கும் இவரைச் சுகாதார அதிகாரி என்றுதான் நம்புகிறார்.

இன்னொரு நாள் ஒரு பப்புக்குள் போய், லைம் ஜூஸ் வாங்கி, அங்கே நின்ற பெண்ணிடம் "கோட் இருக்கா?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் பின்பக்கம் போய், யார் யாரோ மறந்துவிட்டுப் போன மூன்று கோட்டுகளைத் தூக்கி வந்து, எது உங்களுடையது என்று கேட்டாள். அடுத்த ஷிப்டுக்குத் தவறணையார் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஒரு சாம்பல் நிறக் கோட்டோடு வந்தார்.

"என்ன அண்ணை இது?"

"விளங்கப்படுத்த ஏலாமல் போச்சு, தம்பி. பாவம், அந்தப் பிள்ளை பாசமாத் தந்தது."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அவரும் சிரித்தார். பிறகு அந்தக் கோட்டின் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இருக்காது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

இப்படி மூன்று வருடம். கொப்பி மூன்று நிறைந்தது. இதற்கிடையில் அவருக்கு இருதயத்தில் ஒரு பிரச்சினை என்று டொக்டர் சொல்ல, மாடிப்படி ஏறுகிற வேலைகளை நான் எடுத்துக்கொண்டேன். "அவசரப்படவேணும் போலை கிடக்கு, தம்பி" என்று ஒருநாள் சொன்னார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்காக எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குப் போனோம். அவருக்கு மரக்கறி ரொட்டி. எனக்கு என்ன இருக்கிறது என்று தேடினால், கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டி, கொட்டை எழுத்தில் 'இன்று கோட் கறி' என்று எழுதியிருந்தது.

"பாத்தீங்களே அண்ணை, உங்கடை சாம்பல் கோட்டைக் கறி வைச்சிட்டாங்கள்" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"தம்பி, அது ஆடு."

"ஓம் அண்ணை, ஆடுதான். இங்கிலீசிலை..."

"ஆடடா! ஆடு!"

ஆட்டுக்குச் சொல்கிற கோட்டுக்கும் மேலங்கிக்குச் சொல்கிற கோட்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கோ'. கடிதம் எழுதிய அண்ணருக்குத் தான் என்ன எழுதுகிறோம் என்று தெரியும், அதை வாசித்த இவருக்குத்தான் தெரியாது. இவர் பையிலிருந்து முதலாவது கொப்பியை எடுத்து அவசரமாகப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது: 'ஆடு. பூட்டியாச்சு. இப்ப பிளாட்.' அதைத் தமிழாக்கியிருக்காவிட்டால் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பார். அந்தப் பிளாட்டின் வாசலில் நாங்கள் இருவரும் ஒருமுறை மழைக்கு ஒதுங்கிக்கூட நின்றிருக்கிறோம்.

வியாழக்கிழமை ஆவணக் காப்பகத்தில் ஆட்டின் பெட்டி வந்தது. கணக்குச் சீட்டுகளுக்கும் திருத்தவேலைக் கடிதங்களுக்கும் அடியில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். பப்புக்குள் ஒன்பது பேர் வெற்றிக் கிண்ணம் ஒன்றோடு நிற்கிறார்கள். பின்னால் அம்பு எறிகிற பலகை. ஒன்பது பேரில் ஏழு பேர் வெள்ளைக்காரர்கள். இரண்டு பேர் எங்கள் ஆட்கள்.

இரண்டு பேர் இருப்பார்கள் என்று நாங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை.

படத்தின் பின்பக்கம் ஏழு வெள்ளைக்காரரின் பெயர்களும் வரிசையாக இருந்தன. கடைசியில் 'சிலோன் நண்பர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒருவர் விறைப்பாக, சிரிக்காமல், கமராவைப் பார்த்தபடி. மற்றவர் யாரோ சொன்ன பகிடிக்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தபடி. இருவருக்கும் ஒரே உயரம், ஒரே மீசை.

தவறணையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகும் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, காப்பகப் பெண்ணுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி, இதிலை எங்கடை அண்ணை ஆர்?"

என்னைக் கேட்கிறார். அந்த அண்ணர் இறந்தபோது நான் பிறக்கவேயில்லை. அவரோ ஏழு வயதுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு வருடமும் தேடினார், கிடைத்தால் அடையாளம் தெரியுமா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

நான் சிரிக்கிறவரைக் காட்டினேன்.

"இவர்தான் அண்ணை. நெத்தியைப் பாருங்கோ, அப்பிடியே உங்கடை நெத்தி."

அவர் குனிந்து பார்த்தார்.

"ஓம்" என்றார். பிறகு, "ஓம் தம்பி. ஓம்" என்றார். கண்ணீர் படத்தில் விழாமல் இருக்கத் தலையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிரதி எடுக்கும்போது, அண்ணரை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம். மற்றப் பெடியனும் நிக்கட்டும். அவரையும் ஆரும் தேடிக்கொண்டிருப்பினம்."

அந்த வருடத் திவசத்துக்குப் போனேன். கதிரையில் படம். மாலையை ஒருவர் கழுத்தில் விழுகிற மாதிரிப் போடாமல், இரண்டு பேருக்கும் சேர்த்து அகலமாகப் போட்டிருந்தார். என் இலையில் தன் கையாலேயே பாயசம் ஊற்றிவிட்டு, "நீர் இல்லாட்டி எனக்கு அண்ணை கிடைச்சிருக்கமாட்டார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தவறணையார் போய் ஒரு வருடமாகிறது. அன்றைக்கு நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பாவிட்டாலும், சொன்னவன் மனம் நோகக்கூடாது என்று நம்பிய மாதிரியே கடைசிவரை இருந்திருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.