வரம்புக்குள் வாழ்ந்த குஷன் பாய்

வரம்பு பாய்க்குக் கிடைக்க வேண்டிய வீட்டைத் தடுத்தவன் நான். அதற்காகப் பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையில் பாதியைச் சொன்னேன்; அதுவே போதுமானதாக இருந்தது.

ஏழைகளுக்கு வீடு கொடுக்கும்போது, குடும்பத்தின் மாத வருமானம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் ஒரு வரம்பு வைக்கிறது. அதை மனதார நம்பிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் அவர்தான். மற்றவர்கள் சான்றிதழில் வருமானத்தைக் குறைப்பார்கள். எங்கள் தெருவில் இரண்டு கார் வைத்திருந்த ஒருவர், சான்றிதழ்ப்படி தன் டிரைவரைவிட ஏழை. பாய் வருமானத்தையே குறைத்தார்; 'வரம்பு பாய்' என்ற பெயர் வந்ததே அப்படித்தான்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தருகே அவருக்கு ஒரு குஷன் கடை. ஆட்டோ சீட்டு, சோபா எல்லாம் தைப்பார். குடியிருந்தது அயனம்பாக்கத்தில், எங்கள் தெரு ஏரியை நோக்கி இறங்கும் கோடியில், ஒரு வாடகை வீட்டில். மழைக்காலத்தில் தண்ணீர் படியேறி உள்ளே வந்துவிடும். மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து வாடகையும் ஏறிக்கொண்டே போனது. அதனால்தான் அரசு வீட்டுக்கு மனுப் போட்டிருந்தார்.

மாதம் பாதி தாண்டினால் வருமானம் வரம்பை நெருங்கிவிடும். உடனே தையல் மிஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்கள் சண்டை போடுவார்கள்.

"சீட்டு கிழிஞ்சி பஞ்சு தொங்குது பாய், ஒருத்தனும் சவாரி ஏறமாட்டேங்கறான்" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்துவார்.

"ஒண்ணாந்தேதி வா நைனா."

"நீ இன்னா கவர்மென்ட்டு ஆபீசா?"

"கவர்மென்ட்டு ஊட்டுக்கு எழுதிப் போட்டுக்கீறேன்பா. தாண்டக் கூடாது."

பாயின் மனைவி என் மனைவியிடம் புலம்பினார்: "முட்ட வித்த காசையும் வருமானத்துல சேத்துக்கறாரும்மா. கோழிய இன்னும் கொஞ்சம் மெதுவா முட்ட போடச் சொல்லுன்றாரு!"

நான் ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர். என் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சோபாவை அவரிடம் கொடுத்திருந்தேன். பிரித்துப் போட்ட அன்றே வரம்பு வந்துவிட்டது.

"காசு வாணாம்னா இப்பவே தெச்சித் தர்றேன் சார். காசு குடுத்தீங்கன்னா ஒண்ணாந்தேதி."

இனாமாக வாங்கிக்கொள்ள என் கௌரவம் இடம் தரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள், பாயின் மனுவைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். படித்தவர் என்று என்னைத்தான் கேட்டார். "கடை வாசலில் எப்போதும் கூட்டம்" என்றேன். அது தைத்துத் தராததற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் என்பதைச் சொல்லவில்லை. மனு தள்ளுபடியானது.

மழை வந்தது. பாய் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுநாளே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் மீதி உண்மையையும் சொன்னேன்.

அதிகாரி சிரித்தார். "வர்ற வருமானத்த வேணாம்னு எவன் சார் திருப்பி அனுப்புவான்? நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

அங்கிருந்து நேராகப் பாயிடம் போய் ஒப்புக்கொண்டேன். என் வீட்டு மாடிப் போர்ஷனில் வந்து இருக்கச் சொன்னேன்.

"அந்தக் கூட்டம் இன்னாத்துக்குன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்."

"ஒரு சோபாவுக்காவா?"

அவர் உள்ளே போய்விட்டார். மறுநாள் அவர் மனைவிதான் மூட்டையோடு வந்தார். "அவரு ரோசக்காரரு, வரமாட்டாரு. எனக்கு முட்டி வரைக்கும் தண்ணி. நா வந்துட்டேன்." சற்று நேரத்தில் பாயும் கோழியை அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியேறினார்.

வாடகை வேண்டாம் என்றேன். பாய் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வருமானத்துல மூணுல ஒரு பங்கு தர்றேன். அதுக்கு மேல நீங்க கேக்கக் கூடாது. கொறச்சா நான் இருக்கமாட்டேன்." நான் வீட்டுக்காரன், வாடகைக்கு வரம்பு போட்டவர் அவர்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். தான் வேலை செய்யாத நாட்களில் என் வராந்தாவில் உட்கார்ந்து, வருமான வரம்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். மறுபடியும் மனுப் போட்டார். அதற்குள் அரசாங்கம் வரம்பையே வெகுவாக உயர்த்திவிட்டது. அவர் மாதம் முழுக்க ராப்பகலாகத் தைத்தாலும் எட்டாத உயரம்.

செய்தியைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்போ இம்மா நாளு சும்மா குந்திகினு இருந்தேனா சார்!"

இந்தத் தடவை வீடு கிடைத்துவிட்டது. ஆவடிப் பக்கம், மூன்றாவது மாடி. எந்த ஏரியும் ஏற முடியாது. போன மாதம் குடிபோனார்கள்.

மாடி காலியாக இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் அடிக்கடி வந்து வாடகைக்குக் கேட்கிறார்கள். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.