தலைக்கவசத்துக்குள் ஒரு சீதன வீடு

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாகக் குறித்துவைக்க வேண்டிய மாபெரும் சம்பவம், கல்முனைக்குடியில், தகரக் கொட்டில்களுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நடந்தேறியது. யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கடல் வந்து வீடுகளை அள்ளிக்கொண்டு போய் ஐந்து வருடம் ஆகப்போகிறது. அந்தக் கதிரையில் உட்கார்ந்து, இல்லாததைக் கண்முன் காட்டும் மெய்நிகர்த் தலைக்கவசம் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கருவாட்டு வியாபாரி றஸாக் தன் புதிய வீட்டுக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தார். அந்த வீடு இன்னும் கட்டப்படவில்லை என்பது சிறியதொரு தொழில்நுட்ப விவரம்.

“என்ன தெரியுது, றஸாக் நானா?” என்று கேட்டார் இணைப்பாளர் ஸப்ரி. கொழும்புக்காரர். கழுத்தில் அடையாள அட்டை தொங்காமல் அவரை யாரும் கண்டதில்லை.

“சுவர் தெரியுது சேர். தொட்டா கை உள்ளால போகுது.”

“அதுதான் காற்றோட்டம்.”

ஸப்ரியின் கரையோரப் புத்தொளி நிறுவனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் செய்ய வேண்டியதை அது முதலிலேயே செய்து முடித்தது. பிரதான வீதியில் தனக்கு ஒரு அலுவலகம் கட்டிக்கொண்டது. மாபிள் தரை, குளிரூட்டி, குசினி, பின்னால் தென்னை நிற்கிற வளவு. வீடு கட்டித் தருகிறவர்களுக்கே ஒதுங்க ஒரு கூரை இல்லையென்றால், கூரை இல்லாதவர்களின் துயரத்தை அவர்கள் எங்கே உட்கார்ந்து சிந்திப்பது? சிந்தித்தார்கள். “வீடு எப்ப சேர்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் “சண்டை முடியட்டும்” என்ற பொறுப்பான பதிலைக் கொடுத்துவந்தார்கள். திடீரென்று ஒருநாள் சண்டை முடிந்துபோயிற்று. ஸப்ரி பாவம், கையிலிருந்த ஒரே பதிலையும் பறிகொடுத்துவிட்டு நின்றார். சாதாரண நிறுவனமாக இருந்தால் பதற்றத்தில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும். இது தலைக்கவசத்தை இறக்குமதி செய்தது.

றஸாக்குக்கு வீடு அவசரமாக வேண்டியிருந்தது. மகள் நதீராவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். ஆகவே பெண்ணுக்கு முதலில் வீடு, பிறகுதான் மாப்பிள்ளை. றஸாக்கின் மனைவி கொண்டுவந்த சீதன வீடு கடற்கரையோரம் நன்றாகத்தான் இருந்தது. கடல் வந்த அன்றைக்கு மகளின் கையையும் மனைவியின் கையையும் பிடித்துக்கொண்டு ஓடினார். மகளின் கை மட்டும் மிஞ்சியது. அதைப் பற்றி அவர் யாரிடமும் கதைப்பதில்லை. மகளுக்கு ஒரு வீடு கொடுக்காமல் கண்மூடக்கூடாது என்பது மட்டும் அவருக்குள் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை சாலிஹ், சம்மாந்துறையில் அரிசி ஆலையில் வேலை. நல்ல பொடியன், வாய் திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவனுடைய உம்மா ஜுனைதா கதைப்பார். பெண்ணுக்குக் கொடுக்கப்போகும் வீட்டைப் பார்க்க அவர் வந்தபோது, றஸாக் தலைக்கவசத்தை இரவல் வாங்கிவந்து கதிரையைப் போட்டார். “பயனாளி பங்கேற்பு” என்று ஸப்ரியும் மகிழ்ச்சியோடு கூடவே வந்தார்.

ஜுனைதா முக்காட்டைச் சரிசெய்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். கழுத்து அங்குமிங்கும் திரும்பியது.

“மாஷா அல்லாஹ், விறாந்தை நல்ல விசாலம்” என்றார். “குசினியும் பறவாயில்ல. இதென்ன சேர், கக்கூசு கிப்லாவப் பாத்து இரிக்கி?”

ஸப்ரி திடுக்கிட்டார். வெளிநாட்டு நிபுணர்கள் சூரியனைப் பார்த்தார்கள், காற்றைப் பார்த்தார்கள், தொழுகிற திசையைப் பார்க்க மறந்துவிட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் வேகத்தைப் பாருங்கள். மேசனைத் தேடி, சீமெந்து குழைத்து, குழாயை மாற்றி அலைய வேண்டியிருக்கவில்லை. அடுத்த கிழமையே கக்கூசு வடக்கே கிறுகிவிட்டது. ஜுனைதா ஒரு கிணறு கேட்டார், வந்தது. மாமரம் கேட்டார், காயோடு வந்தது. மேல்மாடி கேட்டபோது ஸப்ரி சற்றுத் தயங்கி, அதையும் தந்தார். கல்முனைக்குடியில் இவ்வளவு வேகமாக வளர்ந்த வீடு வேறில்லை.

நதீரா மட்டும் அந்தத் தலைக்கவசத்தைத் தொடவில்லை.

“ஒருக்கா போட்டுப் பாரு புள்ள” என்றார் றஸாக்.

“வேணாம் வாப்பா. போட்டா நல்லாத்தான் இரிக்கும். கழட்டக்குள்ளதான் நெஞ்சு வலிக்கும்.”

வளர்ச்சி கொண்டாடப்பட வேண்டும் அல்லவா? பந்தல் போட்டு, குத்துவிளக்கா மெழுகுவர்த்தியா என்று நீண்ட நேரம் விவாதித்து, இரண்டையும் ஏற்றி, “வீடு கையளிப்பு விழா” நடந்தது. நிழற்படத்துக்கு நிற்கும்போதுதான் சாவி இல்லாதது தெரியவந்தது. ஸப்ரி அலுவலகக் காவலாளி அச்சிமுகம்மதுவின் காதில் சொன்னார்: “ஏதாவது ஒரு சாவி கொண்டு வாங்க. படத்துல பெருசாத் தெரியணும்.” அச்சிமுகம்மதுவும் கொட்டில்வாசிதான். ஓடிப்போய்ப் பித்தளைச் சாவி ஒன்றைக் கொண்டுவந்தார். ஸப்ரி அதை றஸாக்கின் கையில் வைத்து ஒலிவாங்கியில் முழங்கினார்:

“சாவி யார் கையிலோ, வீடு அவருடையது. இனி இதை யாரும், நான் உட்பட, கேள்வி கேட்க முடியாது.”

கைதட்டல் அடங்கியதும் ஜுனைதா றஸாக்கைத் தனியே கூப்பிட்டார்.

“வீடு நல்ல வீடு மச்சான், அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எண்ட மகன் தலைய மட்டும் கொண்டு வந்து குடியிரிக்கேலாது. ஒடம்பும் கூடத்தான் வரும். ஹஜ்ஜிப் பெருநாளைக்கு முந்தி ஒரு கதவக் காட்டுங்க. வரிப்பத்தான்சேனையில இரிந்தும் ஒரு இடம் பேசி வந்திரிக்கி.”

“ஓம் மச்சி” என்றார் றஸாக். வேறென்ன சொல்வது? அன்று அவர் சாப்பிடவில்லை.

ஸப்ரியோ கொழும்புக்குப் புறப்பட்டார். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஒரு மாநாடு. தலைப்பு: “மெய்நிகர் உலகம் எல்லாருக்கும் வந்து சேருமா?” தலைக்கவசம் பாரமாக இருக்கிறது, கண் கூசுகிறது, விலை அதிகம், சாதாரண மக்கள் ஏற்பார்களா என்றெல்லாம் நிபுணர்கள் கவலைப்பட்டார்கள். கல்முனையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று ஸப்ரி படங்களுடன் நிரூபித்தார். பின்வரிசையும் எழுந்து நின்று கைதட்டியதாகக் கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை கல்முனையில் மாரி மழை கொட்டத் தொடங்கியது. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த றஸாக், புத்தொளி அலுவலகத்தின் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். உள்ளே ஆளில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவி குத்தியது, எடுத்தார். எதிரே கதவு, கதவில் பித்தளைப் பூட்டு. சும்மா நுழைத்துப் பார்த்தார். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

கதவு திறந்ததும் றஸாக் சுவரைத் தொட்டார். கை உள்ளால் போகவில்லை. மறுபடியும் தொட்டார். பிறகு குசினியைப் பார்த்தார். கக்கூசைப் பார்த்தார், அது கிப்லாவைப் பார்க்கவில்லை. மாபிள் தரையில் குந்தி உட்கார்ந்து, அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அழுதார். அழுது முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, நனைந்தபடியே சம்மாந்துறை பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த கிழமை ஸப்ரி பாராட்டுக் கேடயத்துடன் திரும்பி வந்தபோது, அலுவலக வளவுக்குள் கலியாணச் சோற்றுக்கு மூன்று கிடாரம் அடுப்பில் ஏறியிருந்தது. அச்சிமுகம்மது விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மாநாட்டு மேசையில் சீனிப் பலகாரம் அடுக்கியிருந்தது. குளிரூட்டி ஓடுகிற அறையில் நதீரா மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். வெளியே மாப்பிள்ளை சாலிஹ், வழக்கம்போல வாய் திறக்காமல், கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்ன இது? இது ஒபிஸ்” என்றார் ஸப்ரி.

றஸாக் சாவியைத் தூக்கிக் காட்டினார். “நீங்க தந்ததுதான் சேர். சாவி யார்ர கையிலயோ வீடு அவருக்கு எண்டு நீங்கதான் மைக்குல சொன்னயள். ஊர் முழுக்கக் கேட்டிச்சு.”

ஸப்ரி பொலிசுக்கு அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். என்னவென்று முறையிடுவது என்று யோசித்தார். வீடு கொடுத்த படம் மாநாட்டில் காட்டியாயிற்று, கேடயமும் கையில் இருந்தது. தொலைபேசியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அப்ப நான் எங்க இருந்து வேலை செய்யுறது?”

ஜுனைதா உள்ளே போனார். தலைக்கவசத்தை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

“இதுக்குள்ள ஒங்களுக்கு நல்ல விசாலமான ஒபிஸ் இரிக்கி சேர், மேல்மாடியும் இரிக்கி. இது எல்லாருக்கும் வந்து சேருமா எண்டு கொழும்புல இரிந்து யோசிச்சயளாமே. எங்களுக்கு எப்பவோ வந்திட்டு. இண்டைக்கித்தான் ஒங்களுக்கும் வந்து சேந்திரிக்கி.”