மாமாவைக் காலமாக்கிய கணினி

நிறைய வாசித்தவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. சந்தேகம் என்பதே வராது. நான் வளர்த்த கணினியும் அந்த ரகம்தான்.

இணையத்தை வாசித்து, யார் யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று தானாகவே அறிந்துகொள்ளும் ஒரு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். நம்மவரைப் பற்றி இந்த விபரமெல்லாம் கொட்டிக் கிடப்பது மரண அறிவித்தல்களில்தான். பிறந்த ஊர், இருந்த ஊர், பெற்றோர், மருமக்கள், சகலன் வரை ஒரே பந்தியில் எழுதியிருக்கும். (உயிரோடிருக்கும்போது யார் இவ்வளவு எழுதுகிறார்கள்?) அதையே தீனியாகப் போட்டேன்.

அந்த நேரம் எனக்குக் கலியாணம் பேசி, கிட்டத்தட்ட முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை வீடும் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில். பெண் பார்க்கத் தாயும் மகனும்தான் வந்தார்கள். தகப்பனுக்கு ஏதோ அவசரமாம். அம்மாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"உன்ர கொம்பியூட்டர் எல்லாம் வாசிக்குமெண்டாய். தகப்பனைப் பற்றிக் கேள் பாப்பம்."

கேட்டேன். காலமாகிவிட்டார் என்றது.

"பிழையா இருக்காதோ?"

"இல்லையம்மா, இன்டர்நெட்டிலை கனக்கப் பக்கங்களிலை இருக்கு" என்றேன், பெருமையாக வேறு.

அம்மா கொதித்துவிட்டார். தகப்பன் செத்தால் ஆண்டு திரும்பும்வரை கலியாணம் ஏது? மறைத்துவிட்டார்களே! ஃபோனில் கேட்கலாம் என்றால், "செத்தவீட்டை ஃபோனிலையே விசாரிக்கிறது?" என்று என்மேல் பாய்ந்தார். எங்கள் வீடிருக்கும் வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்தோம். காலி வீதி நெரிசலில் அம்மாவின் கோபம் நன்றாக ஊறியது.

கதவைத் திறந்தவர் சாரம் கட்டியிருந்தார், வாய்க்குள் வடை. செத்தவரின் தம்பியாக்கும் என்று அம்மா நினைத்துவிட்டார்.

"அண்ணர் எப்ப காலமானவர்? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"எந்த அண்ணர்?"

"மாப்பிள்ளையின்ர தகப்பன்."

"அது நான்தானே."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கலியாணம் போச்சு என்றே முடிவுகட்டினேன்.

விஷயம் இதுதான். சொந்தத்தில் யார் செத்தாலும் அறிவித்தலின் அடியில் 'தகவல்' என்று இவருடைய பெயர்தான் போகும். (பெண் பார்க்க வராததும் ஒரு செத்தவீட்டால்தான்.) என் அதிமேதாவி ப்ரோக்ராமோ அந்தப் பக்கங்களில் கண்ட பெயரையெல்லாம் செத்தவர் என்று எடுத்திருக்கிறது. பெயர் திரும்பத் திரும்ப வர, இவருடைய சாவில் அதற்கு அசையாத நம்பிக்கை. உளறி உளறி நான் சொல்லி முடிக்க, அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், எனக்குத் துக்கம் விசாரிக்க ஆக்கள் வந்திருக்கினம். தேத்தண்ணி போடும்."

கலியாணம் நடந்தது. ப்ரோக்ராமையும் திருத்திவிட்டேன். ஆனால் மாமா நம்புவதாயில்லை. இன்றைக்கும் சொந்தத்தில் யார் செத்தாலும் அறிவித்தலின் அடியில் அவருடைய பெயர் இருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'உயிருடன்' என்றும் இருக்கும். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினால் ஒரே பதில்தான்.

"கொம்பியூட்டர் வாசிக்குமெல்லே, பிள்ளை."