இல்லாத நாற்காலி

குலு நகரத்தில் அந்த வாரம் பேய்களுக்குப் போதாத காலம். தீர்க்கதரிசி கிறிசாண்டின் கூடாரத்தில் நிற்க இடமில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிட்குமிலிருந்துகூட லாரி பிடித்து வந்திருந்தார்கள்.

வைத்தியம் எளிது. முழங்காலை மடித்து, இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். பாட்டு முடியும்வரை எழக்கூடாது. தொடை நடுங்கினால் பேய் புறப்படுகிறது. நடுங்காவிட்டால் அழுத்தமான பேய், நாளைக்கும் வர வேண்டும். பேயே இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர் எவருமில்லை.

கொமகெச் பைக் டாக்சி ஓட்டுபவன். அவன் பெயருக்கே 'எனக்கு அதிர்ஷ்டமில்லை' என்று பொருள்; பெற்றோர் முன்யோசனைக்காரர்கள். போன மாதம் லாரி மோதி, பின்னால் இருந்த பயணி இறந்துபோனார். அன்றிலிருந்து பைக்கைத் தொட்டாலே இவனுக்குக் கைகால் உதறும். செத்தவர் ஆவி வண்டியில் உட்கார்ந்திருக்கிறது, வண்டியைக் கூடாரத்துக்குக் கொடுத்துவிடு என்றார் தீர்க்கதரிசி. ஆவி அவரை மட்டும் ஒன்றும் செய்யாதாம். பிழைப்பே அந்த வண்டிதான். ஆனாலும் சாவியோடு வந்துவிட்டான். இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

மனைவி லமுனுவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். தீர்க்கதரிசியிடம் பணிவாகத்தான் கேட்டாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்குச் சரியா உட்கார வராது. பேயே இல்லாத உடம்பு எப்படி உட்காரும்னு நீங்க ஒரு தடவை காட்டுங்க."

கூட்டம் கைதட்டியது. மறுக்க முடியுமா? உட்கார்ந்தார். நாலு சரணத்தையும் விடாமல் பாடும்படி பாடகர்களைக் கேட்டுக்கொண்டாள் லமுனு. இரண்டாவது சரணம்வரை புன்னகை இருந்தது. மூன்றாவதில் கால்சட்டையின் இஸ்திரி மடிப்பு ஆடத் தொடங்கியது.

"பரிசுத்த ஆவி இறங்குது..." என்று முனகினார்.

"என் புருஷன் நடுங்கினா பேய், நீங்க நடுங்கினா பரிசுத்த ஆவியா?"

பாடகர்களும் முட்டியை மடித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டே நடுங்கியது. கூடாரம் சிரித்த சிரிப்பில் தீர்க்கதரிசி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கொமகெச் மெதுவாகக் கேட்டான், "அப்ப எனக்கு ஏன் உதறுது?"

"நாய் துரத்தின ஆடு தப்பிச்சு வந்ததும் உதறும்ல? நீ சாவைப் பார்த்துட்டு வந்தவன்யா. உதறட்டும். நான் பிடிச்சுக்கறேன்."

பைக்கில் சாய்ந்து நின்று உதறினான், அழுதான். அவள் பிடித்துக்கொண்டாள். பத்து நாள் கழித்துச் சந்தைவரை ஓட்டினான், மெதுவாக.

தீர்க்கதரிசி இப்போது லிரா என்ற ஊரில் கூடாரம் போட்டிருப்பதாகக் கேள்வி. போகிறவர்கள் போங்கள். முட்டியை மடக்கச் சொன்னால், முதலில் அவரை மடக்கச் சொல்லுங்கள். பயந்தால் நடுங்குவது உடம்பின் வேலை. அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. யோசிப்பது யார் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?