வாசலில் ஐந்து ஜோடி செருப்பு

இந்த உலகத்தைச் செய்து முடித்ததும் கடவுள் அதை ரிஜெக்ட் அண்ணனிடம் செக்கிங்குக்குக் கொடுத்திருந்தால், அது கண்டெய்னரில் ஏறியே இருக்காது. நாலு இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை கடைசி செக்கிங் மேசையில் உட்கார்ந்தவர் அவர். தையல் பிசகிய இடம், பசை வழிந்த இடம், தோலில் தழும்பு, எதுவானாலும் அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ரிட்டயர் ஆனபோது வேலை போனது, ஸ்டிக்கர் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் துருத்திய ஆணி, சலூன் கண்ணாடியில் கீறல், கருகிய வடை, எல்லாவற்றிலும் அம்பு இருக்கும். பெண் பார்க்கப் போன இடங்களிலும் இப்படி ஒட்டித்தான் கல்யாணம் ஆகவில்லை என்று தெருவில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. பெண் வீட்டார்தான் இவருக்கு ஒட்டியிருப்பார்கள்.

நான் அப்போது, வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டித் தரும் அந்த ஊர்க் கடை ஒன்றில் ஏணி தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. வாணியம்பாடியில் லாரி கிளீனர், ஆலங்காயம் பக்கம் மாந்தோப்புக் காவல், எங்கெங்கோ ஓட்டல் என்று சுற்றி, அந்த வருஷம் ஆம்பூரில் ஒதுங்கியிருந்தேன். படுக்கை, கடை மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. காலில், வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு.

ஒரு நாள் குடியாத்தத்திலிருந்து அண்ணனின் தம்பி எங்கள் கடைக்குப் போன் செய்தார். லுங்கித் தறி வைத்திருப்பவர். அண்ணன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, யாரும் வராமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்த பிறகு, அவர்தான் வாசலில் கேமரா மாட்டச் சொன்னார். "நம்ம வூட்டுக்கு ஜனம் வந்துக்கினே இருக்கும், எனக்கு இன்னா கொறச்சல்" என்று அண்ணன் அளப்பது வழக்கம். "சரி, நானும் பாக்கறேன். ஆளுங்க வந்து போனா அங்கியே இரு. இல்லன்னா வூட்டக் காலி பண்ணிக்கினு எங்கூட வந்துடு" என்று தம்பி சொல்லியிருந்தார். ஆனால் மாட்டிய நாளிலிருந்து அவர் போனுக்கு ஒரு வீடியோவும் போய்ச் சேரவில்லை.

நான் போனபோது வாசலில் ஐந்து ஜோடி செருப்பு. ஆண், பெண், ஒரு குழந்தையின் குட்டி ஷூவும். விருந்தாளிகள் என்று தயங்கி நின்றேன்.

"இன்னாப்பா, உள்ள வா."

"ஆளுங்க இருக்காங்களேண்ணா. அப்புறம் வர்றேன்."

"எவன் இருக்கான்? எல்லாம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டு. சும்மா வெச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அம்பு. காலையில் எடுத்து உள்ளே வைத்து, சாயங்காலம் இடம் மாற்றி அடுக்குவாராம். "ஒரே எடத்துல இருந்தா சந்தேகம் வருமில்ல" என்றார்.

அந்தக் கேமரா, ஆள் அசைந்தால் படம் எடுத்து மெமரி கார்டில் வைத்துக்கொண்டு, பிறகு வைஃபை வழியாக அனுப்பும் வகை. கழற்றிப் பார்த்தேன். கார்டு நன்றாக இருந்தது. படங்களும் இருந்தன. அனுப்புவதுதான் நடக்கவில்லை.

"மோடம் எங்கண்ணா?"

"அது எதுக்கு உனக்கு? கேமரா நல்லாத்தான் கீது. டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

வெளியிலிருந்து வந்த நெட் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கூடத்தைத் தாண்டி, இரும்பு பீரோவின் இடுக்கு வழியாக உள்ளே போனது. பீரோ பூட்டியிருந்தது.

"மோடத்த பீரோவுலயா வெச்சிருக்கீங்க?"

"திருட்டு பயம் ஜாஸ்தி."

"திருடன் வந்தா கேமராவுல வுழுவாண்ணா."

"மோடத்தையே தூக்கிக்கினு போய்ட்டா எப்டி வுழுவான்?"

இரும்புக்குள் பூட்டி வைத்தால் வைஃபை எப்படி வாசல்வரை வரும்? கெஞ்சிச் சாவி வாங்கி, மோடத்தை ஜன்னலோரம் வைத்தேன். சரிபார்க்க என் போனிலும் அந்தக் கேமராவைச் சேர்த்துக்கொண்டேன். தேங்கிக் கிடந்த வீடியோவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியாத்தத்துக்குக் கிளம்பின. நான் பெருமையோடு டீயைக் கையில் எடுத்தேன். அண்ணன் தன் டீயைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் போன். ஸ்பீக்கரில் தறிச் சத்தம்.

"ண்ணா, எல்லாத்தையும் பாத்துட்டேன். நீதான் வர்றே, நீதான் போறே. செருப்ப எடுக்கறே, செருப்ப வைக்கறே. வேற ஒரு ஈ காக்கா காணோம்."

"கேமரா டிபெக்ட்டு. என் மூஞ்சிய மட்டுந்தான் புடிக்குது."

"அப்டி ஒரு கேமரா எவன் விக்கிறான்?"

"உன்ன மாதிரி ஆளு வாங்கறதால விக்கிறான்."

"ஞாயித்துக்கெழம வண்டியோட வர்றேன். துணிமணி எடுத்து வை."

அண்ணன், வாழ்க்கையில் முதல்முறையாகக் குறையே இல்லாத ஒரு பொருளைக் கண்டவர் மாதிரி அந்தக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியாத்தத்தில் அவருக்குச் சோறு கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டில் ஓரமாகப் போட்ட கட்டிலில் படுக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டில்களில் நான் படுத்திருக்கிறேன். புரளக்கூடப் பயமாக இருக்கும்.

போனை வாங்கினேன். "சார், கேமரா கோணம் தப்பா இருந்துச்சு. ஆளுங்க வர்ற பக்கம் வுழல. இப்ப திருப்பிட்டேன். ஒரு வாரம் பாருங்க."

தம்பி ஒரு வாரம் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து கடை முடிந்ததும் நான் அந்த வாசலில் ஏறினேன்.

"திருடன் மாதிரி வர்றியே. விருந்தாளி மாதிரி வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெளியே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தேன். "பல்ல மூடு. சொந்தக்காரன் எவன் சிரிச்சிக்கினு வர்றான்?" இன்னொரு முறை போய் வந்த பிறகுதான் பாஸ் ஆனேன். அதன்பின் தோசை சுடுவார். கருகியதில் தானே அம்பு ஒட்டித் தன் தட்டில் போட்டுக்கொள்வார். நாங்கள் அதிகம் பேசியதில்லை. பேசாமல் சாப்பிட எதிரே ஒரு ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வாரக் கடைசியில் தம்பி போனில் கேட்டார். "யாருண்ணா அவன், டெய்லி வர்றான்?"

"தோஸ்த்து."

"அவன் செருப்பப் பாத்தியா?"

"செருப்புதான் ரிஜெக்ட்டு. ஆளு பாஸு."

"சரி, அங்கியே இரு. ஆனா தெனம் உன் மூஞ்சி என் போன்ல வந்துடணும்" என்றார் தம்பி. அன்றைக்கே அண்ணன் வரிசையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை என் பக்கம் தள்ளி, "போட்டுக்கினு போ. பழச இங்கியே வுடு, நான் தூக்கிப் போட்டுக்கறேன்" என்றார்.

மழைக்காலத்தில் கேமரா கடை மூடியது. நான் ஓசூருக்குக் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளப் போனால், "போறவன் போய்க்கினே இரு, வாசல்ல நின்னு பேஜார் பண்ணாத" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

என் போனிலிருந்து அந்தக் கேமராவை நான் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. இங்கே ஒரு குடோனில் காவல் வேலை. சாயங்காலமானால் போனில் ஒரு சத்தம் வரும். வேறு யாரிடமிருந்தும் எனக்கு எதுவும் வருவதில்லை. வீடியோவில் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்புகளை அடுக்குவார். இப்போதும் ஐந்து ஜோடிதான். கடைசியில் இருப்பது என் பழைய செருப்பு. ஊக்குக்கூட அப்படியே இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் மட்டும் அம்பு ஒட்டவில்லை.

தெருவில் போகிறவர்கள், நான் உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள். சில சாயங்காலங்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.