டெல்ஃபின் அத்தைக்கு வந்த மாலை

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சுஜிதாவுக்கு அப்பா லிங்கேஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் "ம்ம்" மட்டும் போடுவாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நாவல் வந்தது. நாற்பது வருடமாகத் துப்பறியும் மாத நாவல் தவிர வேறெதையும் தொடாதவன் நான். அது தெரிந்தும், எங்கோ கரீபியன் தீவில் கோக்கோ தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தின் கதையை, தமிழில்தான் என்றாலும் நானூறு பக்கத்துக்கு, அனுப்பியிருக்கிறாய். அறுபது பக்கம் போயும் ஒரு கொலை விழவில்லை. அக்காள் தங்கை இருவர், ஏதோ ஒரு கல்யாண விருந்தில் நாற்காலி போடாத கோபத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. மூடி வைக்கலாம் என்றால் கை வரவில்லை. அங்கேயும் மழை பிடித்தால் தோட்டத்து ஜீப்பு சேற்றில் சிக்குகிறது, ஆட்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். நம் குரங்கணிப் பாதையேதான்.

வினை வந்ததும் குரங்கணி ஜீப்பில்தான். வியாழக்கிழமை நம் காப்பித் தோட்டத்துக்குப் போகும்போது, நாவலில் அந்த அக்காள் தங்கை இரண்டு வீட்டுக்கும் சோறு கொடுத்தனுப்பும் டெல்ஃபின் அத்தை செத்துப்போகும் பக்கம் வந்தது. தங்கைக்காரி கடைசிவரை வரவில்லை. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மூக்கம்மாள், "என்னண்ணே, ஏன் அழுகுறீக?" என்றாள். "அத்தை போயிருச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஜீப்பு குரங்கணி போய்ச் சேருமுன் அவள் போன் போட்டு ஊருக்கே சொல்லிவிட்டாள்.

சேதி ராசிங்காபுரத்துக்கு, உன் பெரியப்பா ஜக்கையன் காதுக்குப் போயிருக்கிறது. நாங்கள் ஒன்பது வருடமாகப் பேசாதது உனக்குத் தெரியும். அவர் பேரனின் காதுகுத்துப் பத்திரிகையில் லிங்கேஸ்வரன் என்ற என் பெயரை லங்கேஸ்வரன் என்று அடித்து, மீதி ஒன்பது தலையையும் எங்கே வைத்தீர்கள் என்று ஊரே என்னைக் கேட்டதிலிருந்துதான். எங்களுக்கு உயிரோடிருப்பது தேவாரத்து இருளம்மாள் அத்தை ஒன்றுதானே? அண்ணன் பெரிய ரோசாப்பூ மாலையும் ஆட்டோவுமாகத் தேவாரம் போய் இறங்க, இருளம்மாள் அத்தையே வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறது! மாலையைப் பார்த்ததும் அதுவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

நான் மலையிலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்து இறங்கினார்கள். அத்தை இறங்கும்போதே, "எனக்கு முந்தி எந்த அத்தைடா போனது?" என்று கத்தியது.

"டெல்ஃபின் அத்தை" என்றேன்.

"அது யாரு, உங்கப்பன் எங்கிட்டச் சொல்லாம வச்சிருந்த தங்கச்சியா?"

புத்தகத்தைக் காட்டினேன். பிறகு வேறு வழியில்லாமல் கதையைச் சொன்னேன். அண்ணன் மாலையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே கேட்டார்.  முடித்ததும் மாலையை ஓரமாக வைத்துவிட்டு அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"காதுகுத்துப் பத்திரிகை பிரஸ்காரன் பண்ணுன தப்புடா. ‘லி’க்கு மேல போடுற கொக்கியை விட்டுட்டான்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லண்ணே?"

"போனை எடுத்தியாடா நீ? எத்தனை தடவை அடிச்சேன்!"

அது உண்மைதான், ஆத்தா. எடுக்கவில்லை. மாத நாவலில் ஒருவன் செத்தால் கொன்றவன் யார் என்று தேடுவேன். இந்தக் கதையில் அப்படித் தேடிக்கொண்டே போனால், பேசாமல் இருந்தவன் என்று நானே வந்து நிற்கிறேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம். அத்தை அந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "செத்தப்புறம் போட்டா எனக்குத் தெரியவா போகுது? பொன்னுமணி, வெரசா இலையைப் போடு" என்று உன் அம்மாவை விரட்டியது. மாலையோடேயே மூன்று தோசை சாப்பிட்டது.

போகும்போது அண்ணன் புத்தகத்தை வாங்கிப் போய்விட்டார். எனக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. பரவாயில்லை. நேற்று நூலகத்தில், இத்தனை வருடமாகத் திரும்பியே பார்க்காத மொழிபெயர்ப்பு அலமாரிப் பக்கம் போனேன். ஆப்பிரிக்கக் கதை ஒன்றும் ஐஸ்லாந்துக் கதை ஒன்றும் எடுத்து வந்திருக்கிறேன். ஐஸ்லாந்தில் ஏலக்காய் விளையாது என்பது வரை படித்தாகிவிட்டது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நோய்நொடி அண்டாமல், வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். அண்ணனும் நானும் இனி ஒருநாளும் பிரியமாட்டோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
லிங்கேஸ்வரன் (கொக்கியோடு).

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் பெரியப்பா போன் செய்தார். இம்முறை எடுத்தேன். நாவலை முடித்துவிட்டாராம், நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்தக் கடைசி அத்தியாயம் முழுவதையும் சொல்லிவிட்டார். அவரோடு இனி ஜென்மத்துக்கும் பேச்சுக் கிடையாது. இதை நேரில் சொல்லிவிட்டு வர நாலு மணி பஸ்சுக்கு ராசிங்காபுரம் போகிறேன். ராத்திரி அங்கேதான் சாப்பாடு.