சிந்தடிக் ஆயிலும் ராயக்கோட்டை மேடும்

ஒரு வண்டிக்கு இரண்டு டாக்டர்கள் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்தோம்: நானும், மனைவியின் தம்பி சதீஷும். ஓசூரில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. இருவருக்கும் பொதுவாக என் பைக். சிந்தடிக் ஆயில் ஊற்றினால் போதும் என்பது என் கட்சி. சாதா ஆயிலில் அடிட்டிவ் என்கிற வழவழப்பு மருந்தைக் கொஞ்சம் கலந்தாலே இன்ஜின் வெண்ணெயாக ஓடும் என்பது அவன் கட்சி. (இரண்டு பேருமே வீடியோ பார்த்துத் தேறியவர்கள்.)

ராயக்கோட்டையில் சதீஷுக்குப் பெண் பார்க்கும் நாள் வந்தது. எத்தனையோ தட்டிப்போய், ஜாதகம் பொருந்தி வந்த ஒரே இடம். "நேரத்துக்கு என் தம்பியக் கொண்டாந்து சேக்கலன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள்.

நான் முந்தின நாளே காருக்கு ஊற்றுகிற உயர்ந்த ரக சிந்தடிக் ஆயிலை பைக்கில் ஊற்றியிருந்தேன். (காருக்கே நல்லதென்றால் பைக்குக்குக் கசக்குமா?) அது தெரியாமல் சதீஷ் காலையில் தன் பங்குக்கு அடிட்டிவ் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறான்.

ராயக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு. இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. பைக்கில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பவை, ரொம்ப வழுக்கினால் பிடிமானம் போய்விடும் என்கிற சின்ன விஷயம் நாங்கள் பார்த்த எந்த வீடியோவிலும் வரவில்லை.

"உன் அடிட்டிவ்தான்டா!"

"உங்க கார் ஆயில்தான் மாமா!"

பட்டுச் சட்டையோடு நடுரோட்டில் கத்திக்கொண்டிருந்தோம். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டி, கம்பெனி யூனிபார்ம் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"என்னாச்சுங்ணா?"

"பொண்ணு பாக்கப் போறோம்மா. வண்டி மேடு ஏற மாட்டேங்குது."

சதீஷைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அவரு மட்டும் உக்காரட்டும். நீங்க எறங்கிக்கோங்க."

ஸ்கூட்டரில் இருந்தபடியே பைக்கின் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு காலை வைத்து, அவனை மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டே போனாள். பூவும் பழமும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். தக்காளி ஏற்றிப் போன வண்டிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார்.

பெண் வீட்டில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்தோம். பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லையாம், ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்தாளாம். காபித் தட்டோடு வந்த பெண் மஞ்சுளா என் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "எந்த ஆயில்னு முடிவாச்சுங்ளாண்ணா?"

அதே குரல். சதீஷின் காபி பட்டுச் சட்டைக்குப் போனது. அவனுடைய போட்டோவை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்! சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். வீடு திரும்ப முடியாது என்ற பயம் வேறு.

"என்னம்மா சொல்ற?" என்றார் அவள் அப்பா.

"சம்மதம்ப்பா. ஆனா வண்டிக்கு ஆயில் நான்தான் மாத்துவேன்."

இன்றுவரை அவள்தான் மாற்றுகிறாள். பைக்குக்கென்றே விற்கிற ஆயில், வேறெதுவும் கிடையாது. பாட்டிலைத் தொட எங்கள் இருவருக்கும் அனுமதி இல்லை. விருந்தாளிகளிடம் சதீஷ் "நான் பொண்ணு பாக்கப் போனப்ப" என்று ஆரம்பித்தால் போதும், என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"நீ எங்கடா போன? அவதான உன்னத் தள்ளிக்கிட்டு வந்தா!"